பரங்கிமலையில் ஒரு சங்கிலி

திப்பு சுல்தான் இறந்த சூடு ஆறுவதற்குள், மதராஸில் கம்பெனியின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தென்னிந்தியாவைக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை, அங்குலம் பிசகாமல் அளக்கவேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று. அதிகாரி கடுப்பாகிவிட்டார். 'யாருக்காவது ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இதற்கு எதற்கு மேப்?' என்கிற ரீதியில் கேட்டாராம்.

நியாயமான கேள்விதான். பல்லக்குத் தூக்கிக்கு வழி தெரியும். ஆனால் அவன் பெயர் எந்த மேப்பிலும் இருக்காது. இந்தக் கட்டுரை கொஞ்சம் அதைப் பற்றியதும்தான்.

விண்ணப்பம் போட்டவர் வில்லியம் லாம்ப்டன். யார்க்ஷயர் பக்கத்து ஏழைக் குடும்பம். 33-வது ரெஜிமென்ட்டில் அதிகாரி. பேச்சுக் குறைவு, கணக்குப் பைத்தியம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது, ராத்திரியில் ஜெனரல் பேர்டின் படை கும்மிருட்டில் நடந்துகொண்டிருக்கிறது. லாம்ப்டன் வானத்தைப் பார்க்கிறார். 'சார், நாம் தெற்கே போகவில்லை. வடக்கே, நேராகத் திப்புவின் கூடாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறோம்' என்கிறார். ஜெனரலுக்கு எரிச்சல். அப்புறம் விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தால், நட்சத்திரம் சொன்னதுதான் சரி. பட்டாளம் திரும்பியது. நட்சத்திரம் பார்க்கத் தெரிந்தவனைக் கூட வைத்துக்கொள்வது நல்லது என்று மேலிடத்துக்குப் புரிந்தது. அந்த ரெஜிமென்ட்டின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்பாடு நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்தவர். அவருடைய அண்ணன் அப்போது கவர்னர் ஜெனரல். சிபாரிசுக்குக் கேட்கவேண்டுமா? கணக்கு அதிகாரியின் முணுமுணுப்பை மீறி அனுமதி கிடைத்தது.

1802, ஏப்ரல் 10. சென்னை வெயில் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பரங்கிமலை அடிவாரத்தில் லாம்ப்டன் ஒரு இரும்புச் சங்கிலியை நீட்டினார். நூறு அடி நீளம். அந்தச் சங்கிலிக்கே ஒரு சரித்திரம் உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குக் கொடுக்க மக்கார்ட்னி தூதுக்குழு 1793-ல் எடுத்துப்போன பரிசுப் பொருட்களில் ஒன்று. சக்கரவர்த்தி இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட, சுற்றிச் சுற்றிக் கல்கத்தாவுக்கு வந்து விலைபோனது. பீக்கிங்கில் வேண்டாம் என்ற சங்கிலி பரங்கிமலையில் வேலைக்குச் சேர்ந்தது.

அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். இன்றைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகளும் ஐ.டி. கம்பெனிகளும். அன்றைக்கு வயல், பொட்டல், பனைமரம். சங்கிலியைத் தரையில் போட்டால் வளையும். அதனால் முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியை நேராகக் கிடத்தி, மேலே கூடாரம் கட்டி நிழல் பண்ணி, பெட்டிக்குள் தெர்மாமீட்டர்களும் வைத்தார்கள். வெயிலில் இரும்பு நீளும். எவ்வளவு நீண்டது என்று தெரிந்தால்தான் கணக்கில் கழிக்க முடியும். இப்படி நூறு நூறு அடியாக 400 தடவை. 57 நாள் ஆயிற்று. இப்போது காரில் அரை மணி (டிராஃபிக் இல்லாவிட்டால்).

ஏழரை மைலுக்கு 57 நாள் என்றால் இந்தியாவை அளக்க எத்தனை யுகம் ஆகும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். சங்கிலி வேலை முதல் கோட்டுக்கு மட்டும்தான். அதன்பின் முக்கோணம். பத்தாம் கிளாஸில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அந்த விஷயம்தான். ஒரு பக்கத்தின் நீளம் தெரியும். அதன் இரண்டு முனைகளிலும் நின்று தூரத்தில் ஒரு மலை உச்சியைப் பார்த்துக் கோணங்களை அளந்துவிட்டால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளத்தை உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். அந்தப் பக்கத்தில் இன்னொரு முக்கோணம். அதில் இன்னொன்று. நடுநடுவே, கணக்கு தப்பவில்லையே என்று சோதிக்க மட்டும் மறுபடி சங்கிலியால் ஒரு கோடு. ஒரு வலை மாதிரி நாடு முழுக்கப் பின்னிக்கொண்டே போகலாம்.

கோணம் அளக்கிற கருவிக்கு தியோடலைட் என்று பெயர். இப்போது ரோடு போடுகிறவர்கள் முக்காலியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்களே, அதன் தாத்தா. லாம்ப்டனுக்காக லண்டனில் வில்லியம் கேரி செய்தது அரை டன் எடை. அதுவும் சுலபமாக வந்து சேரவில்லை. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது பீரங்கி அல்ல, விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாக மதராஸுக்கே அனுப்பிவைத்தார்கள். இரண்டு தேசங்களும் ஜென்மப் பகைவர்களாக இருந்த காலத்தில்! விஞ்ஞானத்துக்கு அப்படியும் ஒரு மரியாதை இருந்தது.

முதல் சில வருஷங்களிலேயே பலன் தெரிந்தது. மதராஸிலிருந்து மங்களூர் வரை குறுக்கே அளந்து பார்த்ததில், அதுவரை மேப்பில் 400 மைல் என்று போட்டிருந்த அகலம் 360 மைல்தான். கம்பெனிக்குச் சொந்தமான தேசத்தில் 40 மைல் காணாமல் போய்விட்டது. கணக்கு அதிகாரி என்ன சொன்னாரோ!

ஜனங்களுக்கு இவர்கள்மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. மலை உச்சியில் ஏறிக் குழாய் வழியாகப் பார்க்கிறான், அந்தக் குழாயில் எல்லாம் தலைகீழாகத் தெரியுமாம், நம் வீட்டுப் பெண்களையும் அப்படித்தான் பார்க்கிறானாம் என்று வதந்தி. தலைகீழாகத் தெரிவது நிஜம். அந்தக் கால டெலஸ்கோப்பின் லென்ஸ் அப்படி. மற்றது கற்பனை. ஆனால் கேட்காமல் வந்து, நம் ஊரை உயரத்திலிருந்து ஒருத்தன் உற்றுப்பார்க்கிறான் என்றால், அது எதற்காக என்று பயப்பட்டதில் தப்பில்லை. அளந்தவன் அதன்பின் வரி போட்டான், பட்டாளம் அனுப்பினான். விஞ்ஞானமும் சாம்ராஜ்யமும் ஒரே கூடாரத்தில் படுத்துத் தூங்கின காலம் அது.

காவிரிப் படுகைக்கு வந்ததும் லாம்ப்டனுக்கு வேறு பிரச்னை. மலையே இல்லை. எங்கே பார்த்தாலும் சமவெளியும் தென்னந்தோப்பும். எதன்மேல் ஏறிப் பார்ப்பது? நம் முன்னோர்கள் அதற்கு வழி செய்து வைத்திருந்தார்கள். கோபுரங்கள். ஊர் ஊராகக் கோயில்கள் மேல் ஏறினார்கள். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில். 216 அடி விமானம். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? கயிறும் கப்பியும் கட்டி அரை டன் கருவியை மேலே இழுத்தார்கள். பாதியில், சுவரில் மோதாமல் இழுத்துப் பிடித்திருந்த பக்கக் கயிறு அறுந்தது. கருவி வீசிக்கொண்டு போய் ராஜராஜனின் விமானத்தில் மடேரென்று மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டத் தகடு கோணிக்கொண்டது.

வேறு யாராவது என்றால் மூட்டை கட்டியிருப்பார்கள். லாம்ப்டன் தன் சொந்தப் பணத்தில் லண்டனுக்கு ஒரு புதுக் கருவிக்கு எழுதிவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போனார். பீரங்கிப் பட்டறை ஆட்கள் சிலர் மட்டும் கூட. ஆப்பு, திருகு, கப்பி வைத்து, வளைந்த தகட்டை மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஆறு வாரத்தில் பழையபடி வட்டமாக்கிவிட்டார்கள். அந்தக் கருவி பல வருஷம் உழைத்தது.

பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வரும். எல்லாரும் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். நான் கீழே அதிட்டானத்துக் கல்வெட்டுகளைத் தடவிப் பார்ப்பேன். காரணம், கருவி போய் மோதின இடம் சாதாரண இடமில்லை. ராஜராஜ சோழன் கி.பி. 1000 வாக்கில் தன் ராஜ்யத்து நிலங்களை அளக்கச் சொன்னவன். அளந்த கணக்கு இந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழே 'கீழ்' என்று பின்னத்துக்குப் பின்னம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு முந்திரி 320-ல் ஒரு பங்கு. அதையும் கூறுபோட்டு நிலத்தைக் கணக்கில் எழுதியவர்கள் இருந்த ஊர் இது. 800 வருஷம் கழித்து இன்னொரு அளவுக்காரன் வந்து அதே கோயிலில் முட்டிக்கொண்டான்.

இன்னொன்றும் அதே சுவர்களில் இருக்கிறது. பெயர்கள். கோயிலுக்கு ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எவ்வளவு நெல் சம்பளம் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பாடகர்கள், மேளக்காரர்கள், கணக்கர்கள், தையல்காரர் வரை கணக்கு உண்டு. ராஜராஜன் சமத்துவவாதி என்று சொல்ல வரவில்லை. 'வெட்டி' என்று சம்பளமில்லாத கட்டாய வேலையும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. ஆனால் கூலி வாங்கினவர் பெயரையும் கல்லில் போடணும் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது.

லாம்ப்டனின் சங்கிலியைப் பிடித்தவர் யார்? கயிற்றை இழுத்தது எந்த ஊர் ஆட்கள்? தூரத்துக் குன்றில் கொடியோடு நாள்கணக்கில் நின்றவன் யார்? 1819-ல் லாம்ப்டனின் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட், கிருஷ்ணா - கோதாவரி காடுகளில் முதல் முறையாக அளக்கப் போனபோது கிட்டத்தட்ட 150 பேருக்குக் காய்ச்சல் கண்டு, 15 பேர் செத்துப்போனார்கள். எண்ணிக்கை இருக்கிறது. பெயர் இல்லை.

லாம்ப்டன் தன் முக்கோணங்களைக் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போய், 1823 ஜனவரியில், இப்போது மகாராஷ்டிரத்தில் இருக்கும் ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். அங்கேயே சமாதி. வேலை எவரெஸ்ட்டிடம் வந்தது. எவரெஸ்ட் கெட்டிக்காரர், கோபக்காரர். தன் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்று உச்சரிக்கவேண்டும், 'எவரெஸ்ட்' என்றால் பிடிக்காது. பாவம், இன்று உலகம் முழுக்கத் தப்பாகத்தான் கூப்பிடுகிறது.

எவரெஸ்ட்டின் ஆட்களில் இரண்டு பேரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஆற்காட்டுக்காரர். சையத் மொஹ்சின். மதராஸில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தவரின் கைத்திறனைப் பார்த்து சர்வே இலாகாவுக்கு அழைத்துப்போனார்கள். 1843-ல் கம்பெனியின் கணிதக் கருவிகள் செய்பவர் என்ற பதவிக்கு அவரை எவரெஸ்ட் உயர்த்தினார். அதுவரை லண்டனிலிருந்து வந்த ஆசாமிகள் உட்கார்ந்த நாற்காலி.

இன்னொருவர் ராதாநாத் சிக்தார். கல்கத்தா வங்காளி. 1831-ல் 'கம்ப்யூட்டர்' வேலைக்குச் சேர்ந்தார். சிரிக்காதீர்கள். அப்போது கம்ப்யூட்டர் என்றால் மனிதர்தான். லாகரிதம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நாள் பூராவும் கணக்குப் போடுகிறவர். இந்தியாவில் கணிதத்தில் இவருக்கு இணையாக ஐரோப்பியரிலோ இந்தியரிலோ வெகு சிலரே தேறுவார்கள் என்று எவரெஸ்ட்டே எழுதியிருக்கிறார். வேறு நல்ல வேலைக்குப் போகிறேன் என்றபோது விடவில்லை.

1843-ல் டேராடூனில் ஒரு சம்பவம். சர்வே இலாகாக் கூலி ஆட்களை, ஊர் மாஜிஸ்டிரேட் வான்சிட்டார்ட் தன் சாமான்களைச் சும்மா சுமக்கச் சொல்லியிருக்கிறார். அதே பழைய 'வெட்டி'. ராதாநாத் சாமான்களைத் தடுத்து நிறுத்திவிட்டார். 'என் ஆட்களை இப்படி நடத்தக்கூடாது' என்று மாஜிஸ்டிரேட் முகத்துக்கு நேரே நின்றார். வழக்கு நடந்தது. நடத்தினது மாஜிஸ்டிரேட்டுகள்தான் என்பதால் முடிவு உங்களுக்கே தெரியும். ராதாநாத்துக்கு 200 ரூபாய் அபராதம். 1843-ல் 200 ரூபாய்! முப்பது வயது கணக்குக்காரர், பெயரில்லாத சுமைக்காரர்களுக்காகக் கட்டினார். எனக்கு அவர் போட்ட எல்லாக் கணக்குகளையும்விட இது பெரிதாகப் படுகிறது.

அடுத்து மலை. இமயத்துச் சிகரங்களை நேபாளத்துக்குள் போய்ப் பார்க்க அனுமதி இல்லை. அதனால் 1849-50-ல் நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் ஆறு இடங்களில் நின்று '15-ம் சிகரம்' என்று நம்பர் போட்டிருந்த ஒரு வெள்ளை நுனியைக் கோணம் எடுத்தார்கள். நூறு மைலுக்கு அப்பால் என்றால் பூமியின் வளைவு குறுக்கே வருகிறது. காற்று வேறு வெளிச்சத்தை வளைத்து மலையை இருப்பதைவிட உயர்த்திக் காட்டும். இதையெல்லாம் கழித்துக் கூட்டி 1852 வாக்கில், உலகத்திலேயே உயரமானது இதுதான் என்று தெரிந்தது. 1856-ல் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், குத்துமதிப்பு என்று ஜனங்கள் நினைப்பார்களே என்று இரண்டடி சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. 2020-ல் நேபாளமும் சீனாவும் சாட்டிலைட் எல்லாம் வைத்துச் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். அதாவது 29,031 அடி சொச்சம். காகிதத்திலும் பேனாவிலும் போட்ட கணக்கு முப்பதடிதான் தப்பு.

'சார், உலகத்தின் உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று ராதாநாத் டேராடூனில் வாவின் அறைக்குள் ஓடினார் என்பது பிரபலமான கதை. சரித்திரக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அவர் 1849-லேயே கல்கத்தா ஆபீஸுக்கு மாறிப்போய்விட்டார். கணக்கில் பல பேர் கை உண்டு. ஆனால் தலைமைக் கம்ப்யூட்டர் அவர்தான். முறைகளை வகுத்ததில் அவர் பங்கு பெரிது. சிகரத்துக்கு எவரெஸ்ட்டின் பெயரை வைத்தது வா. உள்ளூர்ப் பெயர் எதுவும் நிச்சயமாகக் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார். திபெத்தியர்கள் சோமோலுங்மா என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எவரெஸ்ட்டே, இந்த ஊர்க்காரர்களால் என் பெயரை உச்சரிக்க முடியாது, ஹிந்தியில் எழுத முடியாது என்று ஆட்சேபித்தார். கேட்கவில்லை. 1865-ல் பெயர் நிலைத்துவிட்டது.

இத்தனை அளவில் ஒரு சின்னப் பிசகு விஞ்ஞானத்துக்கு வேறொரு பரிசு கொடுத்தது. வடக்கே இமயமலைக்கு அருகில் ஒரு இடத்துக்கும் மத்திய இந்தியாவில் கல்யாண்பூருக்கும் இடையிலான தூரம், முக்கோணத்தில் ஒரு மாதிரியும் நட்சத்திரம் பார்த்துக் கணக்கிட்டால் ஒரு மாதிரியும் வந்தது. சுமார் 500 அடி வித்தியாசம். மலை தன் கனத்தால் தூக்குக்குண்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்றார் கல்கத்தாவிலிருந்த பாதிரியார் பிராட். ஆனால் அவர் கணக்குப்படி அது இன்னும் மூன்று மடங்கு இழுத்திருக்கவேண்டும். அப்படியானால் மலை கனமில்லையா? 1855-ல் ஏரி என்ற வானவியல்காரர் விடை சொன்னார். மலைகள் கப்பல் மாதிரி மிதக்கின்றன. வெளியே தெரிவதைவிட அடியில் லேசான பாறையாலான வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது. இன்றைய பூமியியலின் ஆதாரமான கருத்துகளில் ஒன்று இப்படி ஐந்து விகலைக் கோண வித்தியாசத்தில் பிறந்தது.

ராதாநாத்துக்கு வருவோம். 1854-ல் அவரும் நண்பர் பியாரி சந்த் மித்ராவும் 'மாசிக் பத்ரிகா' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். பெண்கள் படிப்பதற்காக. பண்டித நடையை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற வங்காளியில். பகலில் லாகரிதம், ராத்திரியில் பேச்சு மொழி உரைநடை! வாரப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த மனிதர்மேல் தனிப்பாசம் வர இது ஒன்று போதும்.

1862-ல் ஓய்வு. 1870-ல் இறந்தார். சர்வே இலாகாவின் கையேடு 1851-லும் 1855-லும் வந்தபோது, அதன் கணிதப் பகுதிகள் ராதாநாத்தின் உழைப்பு என்று முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தது. 1875-ல் மூன்றாம் பதிப்பு. கணக்குகள் அப்படியே இருந்தன. நன்றி வாக்கியம் மட்டும் இல்லை. செத்தவன் வந்து கேட்கவா போகிறான்? ஆனால் கேட்டார்கள். மறு வருஷம் 'ஃப்ரெண்ட் ஆஃப் இந்தியா' பத்திரிகை, இது செத்தவனிடம் அடித்த கொள்ளை என்று கண்டித்தது. கேட்டது ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004-ல் இந்தியத் தபால்துறை ராதாநாத்துக்கு ஸ்டாம்ப் போட்டது. கூடவே, ஜபமாலை மணிகளில் காலடிகளை எண்ணிக்கொண்டே 1866-ல் லாசா வரை நடந்து அளந்த நயின் சிங்குக்கும்.

இதனால் லாம்ப்டனும் எவரெஸ்ட்டும் சின்னவர்கள் ஆகிவிடவில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தகட்டை நிமிர்த்தினவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு புகழைப் பிடுங்கித்தான் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும் என்பதில்லை. ஒரு வரி கூடுதலாக அச்சடித்தால் போதும். 1875-ல் அந்த ஒரு வரிக்கு இடமில்லாமல் போனது காகிதப் பஞ்சத்தால் அல்ல.

அடுத்த தடவை தஞ்சாவூர் போனால், விமானத்தின் நிழல் தரையில் விழுமா என்ற பழைய சர்ச்சையை விட்டுவிட்டு, கொஞ்சம் குனிந்து அந்தப் பெயர் வரிசையைப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்தவர் யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் அந்தத் தெருவில் இன்ன வீட்டில் குடியிருந்த ஒருத்தியின் பெயரை இன்று நாம் உரக்கச் சொல்ல முடிகிறது. கயிறு இழுத்தவர்களுக்கு அந்தச் சுவரில் இடம் நிறைய இருந்தது.